மூன்றாம் தரம்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் ஏலக்காரர். சுவரைப் பார்த்துப் போட்ட தையல் மெஷின் முன்னால், மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டியபடி அவர் மனைவி. நடுவே தரையில், மடியில் எலெக்ட்ரிக் கிட்டாருடன் மகன்.

ஏலக்காரரின் சட்டைப் பையில் மருத்துவமனைப் படிவம் மடங்கிக் கிடந்தது.

குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், பேச்சு போய்விடும். சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவர் இன்று, நாளை என்று கடத்திக்கொண்டிருந்தார். பழைய சாமான் ஏலக்கூடத்தில் தொண்டையை மட்டுமே முதலாகப் போட்டுக் குடும்பத்தை நடத்தியவர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் விஷயத்தில் பழமொழி தலைகீழாகிவிட்டது.

மகன் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளே சோப்புப் பெட்டி அளவில் மஞ்சள் நிற இரும்புப் பெட்டி. மேலே மூன்று திருகுகள், கீழே காலால் மிதிக்க ஒரு பொத்தான். ஓவர்டிரைவ் பெடல். கிட்டாரின் சுத்தமான ஒலியை உடைத்துக் கரகரக்க வைப்பது. கடையில் இருந்ததிலேயே மலிவானது.

"பிடிக்கலைன்னா ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துடலாம்" என்றான், யாரும் கேட்காமலேயே.

மனைவி தைப்பதை நிறுத்தவில்லை. "பெடல்னா நான் மிதிக்கிறதுதான்டா பெடல், துணியாவது தைக்கும். அந்த விலைக்கு இதுல என்ன தரம் இருக்கப்போகுது?"

தரம் என்ற சொல் காதில் விழுந்தால் ஏலக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு தரம்!" என்றார்.

தகரத்தைத் தரையில் இழுத்தது போலிருந்தது குரல்.

மகன் சிரித்துக்கொண்டே பெடலைக் கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே செருகி மிதித்தான். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. தடித்த கம்பியை மீட்டி, விரலால் வளைத்து இழுத்தான். ஒலி மேலே போய், நடுவில் உடைந்து, இறங்கியது.

கிட்டத்தட்ட அப்பா. ஆனால் ஜலதோஷம் பிடித்த அப்பா.

கரகரப்புத் திருகைக் கூட்டினான். ஸ்பீக்கர் குளவிக்கூடு போல இரைந்தது. குறைத்தான். பிறகு நகத்தளவு மட்டும் கூட்டினான்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கப்பா."

"ரெண்டு தரம்!"

இந்த முறை கம்பி அவரை விட்டு நகரவில்லை. ரெண்டில் ஏறி, தரத்தில் உடைந்து, பொருளை விட்டுக்கொடுக்க மனசில்லாதவர் போலக் கடைசியில் இழுக்கும் அந்த இழுப்பு வரைக்கும் கூடவே வந்தது.

ஏலக்காரருக்குக் கை மயிர் சிலிர்த்தது.

மகனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். மனைவியின் முதுகைக் கண்ணால் காட்டினார். மூன்றாவதை, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னார். மகன் கம்பியை இழுத்தான்.

கிட்டார் மூன்றாம் தரம் சொன்னது.

"போதுங்க, கத்தாதீங்க!" சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. "தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க."

மகன் வாயைப் பொத்திக்கொண்டான். "அம்மாவே ஏமாந்துட்டாங்கப்பா!" என்று கிசுகிசுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஏலக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது.

மெஷின் ஓடவில்லை. இரண்டாம் தரத்துக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. அவள் பாதம் பெடலை விட்டுத் தரையில் ஊன்றியிருந்தது.

ஏலக்கூடத்துக்குச் சிலர் வருவார்கள். பொருள் அவர்களுக்கு வேண்டாம். தங்களுக்கு நெருக்கமானவருடைய பொருள் அடிமாட்டு விலைக்குப் போய்விடக் கூடாதென்று சும்மா கையைத் தூக்கி விலையை ஏற்றிவிடுவார்கள். அந்தப் பொய்க் கையை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் ஏலக்காரர். கண்டுபிடித்தும், தெரியாதது போல அடுத்த விலையைக் கூவிய நாட்களும் உண்டு. இப்போது மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"பேனா எடுடா" என்றார்.

படிவத்தை முழங்காலில் வைத்து நீவினார். பெயரை எழுதி, தேதி போட்டு, நிதானமாகக் கையெழுத்திட்டார். உறையில் போட்டுக் கோந்து தடவி ஒட்டினார். பிரிந்துவிடாமல் இருக்க அதன்மேல் முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினார். ஏலம் முடிந்ததும் மேசையில் விழும் அதே குத்து.

"இதைத் தபால்ல போட்டுடு. போற வழியில அந்த அட்டைப்பெட்டியையும் குப்பையில போட்டுடு. திருப்பிக் குடுக்கப் போறதில்ல."

மகன் ஒரு கையில் உறையும் மறு கையில் காலிப் பெட்டியுமாகப் படியிறங்கினான். பெடலை அணைக்க மறந்துவிட்டான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் மூச்சு விடுவது போல இரைந்துகொண்டிருந்தது.

தெருக்கதவு சாத்தும் ஓசை கேட்டதும் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. வேகமாக, சத்தமாக, நிற்காமல்.

ஊசியில் நூல் இல்லை.