நாலு ஸ்க்ரூ குறைச்சல்

"எனக்கு மட்டும் ஏன் டாக்டரம்மா எட்டு ஸ்க்ரூ? அவனுக்குப் பன்னிரண்டு போட்டிருக்கீங்க!"

மூத்த மாப்பிள்ளை வீங்கிய தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு நியாயம் கேட்டார். பக்கத்துக் கட்டிலில், அதே அளவு வீங்கிய தாடையோடு, இளைய மாப்பிள்ளை முதல் மார்க் வாங்கியவர் போல் மிதப்பாகச் சாய்ந்திருந்தார்.

"உங்களுக்கு முகவாய்க்கட்டை மட்டும்தான் உடைஞ்சிருந்தது. ரெண்டு பிளேட், எட்டு ஸ்க்ரூ போதும். அவருக்குப் பக்கவாட்டுலயும் ஒரு விரிசல். அதுக்குத் தனியா ஒரு பிளேட், நாலு ஸ்க்ரூ. இதுல என்னங்க கௌரவம்?"

"கௌரவம் இருக்கும்மா," என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனார். "சீட்டு விளையாட்டுல சண்டை வந்து ரெண்டு மாப்பிள்ளையும் ஒருத்தர் தாடையை ஒருத்தர் பேத்துட்டாங்க. யாருக்கு அடி கம்மியோ அவர் மத்தவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தீர்ப்புச் சொல்லிட்டேன். இல்லேன்னா ரெண்டு பேரும் என் வாசப்படியை மிதிக்கவே கூடாது!"

டாக்டரம்மா எத்தனையோ உடைந்த முகங்களை ஒட்டவைத்திருக்கிறார். ஸ்க்ரூ குறைகிறதென்று சண்டைக்கு வந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். பழைய முறைப்படி மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தால் வார்டாவது அமைதியாக இருந்திருக்கும். பிளேட் வைத்தது வினையாகிவிட்டது. மறுநாளே இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் அவருக்கு உறுத்தியது. இருவருக்கும் முகவாய் நட்டநடுவில், அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி உடைந்திருந்தது. அடித்துக்கொள்வதில்கூட இப்படி ஒரு ஒற்றுமையா?

"எனக்கும் ஒரு நாலு ஸ்க்ரூ போட்டு விட்டுடுங்க, கணக்குத் தீந்துடும்," என்றார் மூத்தவர்.

"சுவத்துல ஆணி அடிக்கிறதாங்க இது? நல்ல எலும்புல சும்மா ஓட்டை போட முடியாது!"

"அப்ப அவனுக்கு நாலைக் கழட்டுங்க."

"எங்க, என் தாடைல கை வைக்கச் சொல்லுங்க பாப்போம்!" இளையவர் கட்டிலை விட்டே எழுந்துவிட்டார்.

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "விடிஞ்சா பொழுது போனா இதே பஞ்சாயத்துதாம்மா. செடிக்குத் தண்ணி ஊத்தல. பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிற காரைத் துடைக்கல. வீட்டுல தலை சாய்க்கிறதோட சரி, ஒரு பக்கமும் எட்டிப் பாக்க நேரமில்ல."

அவரைப் பார்க்க டாக்டரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகம் மாறாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"நல்லா பாருங்க. இவருக்கு எட்டுதான், ஆனா ஒவ்வொண்ணும் நீளம். அவருக்குப் பன்னிரண்டு, ஆனா எல்லாம் குட்டை. மொத்தமா அளந்தா ரெண்டு பேருக்கும் சமம்."

மாமனாரின் முகம் மலர்ந்தது. "அப்ப மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்! கை குடுங்க மாப்பிள்ளை!"

இருவரும் கைகுலுக்கினார்கள். ஏனோ இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"நான் வீட்டுக்குக் கிளம்பறேன்," என்று மாமனார் உற்சாகமாகத் துண்டை உதறினார். அவர் கதவைத் தொடவில்லை, அதற்குள் இளையவர் கத்தினார்.

"நில்லுங்க மாமா! அவனுக்கு மட்டும் நீளம், எனக்குக் குட்டையா? நான் என்ன இளக்காரமா?"

"உன் தாடைக்கு அதுவே அதிகம்டா!" என்றார் மூத்தவர்.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. மாமனார் அப்படியே ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு, "ஒரு டீயாவது குடிச்சுட்டு வந்து தீர்ப்புச் சொல்றேன்," என்று கேன்டீனுக்கு நடந்தார். டாக்டரம்மாவும் வெறுத்துப்போய் வெளியேறினார்.

பாதி வழியில்தான் எக்ஸ்ரேயைக் கட்டிலிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனார். கட்டில்களைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே மூத்தவரின் குரல் தேனாக வழிந்தது.

"நல்ல வேளை சகலை, சரியான நேரத்துல கிளப்பினே. மாமா மட்டும் வீட்டுக்குப் போய் கார் ஷெட்டைத் திறந்திருந்தா நம்ம கதை கந்தல். மெக்கானிக் என்ன சொல்றான்?"

"மரத்துல மோதின முன்பக்கத்தை நிமித்திட்டானாம், பெயிண்ட் காய இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம். நாளைக்குச் சண்டையை நீங்க ஆரம்பிங்க சகலை, எனக்குத் தாடை வலிக்குது."