பதினாலாம் மாடி

காவல் நிலையத்துப் புகார்ப் பெட்டி முதலில், "எந்த வீட்டுக்கு வர வேண்டும்?" என்று கேட்கும். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பைச் சொன்னால் ஒன்பது வருடம் கழித்துத் தேதி தரும். பளிங்குக் கோபுரம் என்ற பணக்கார அடுக்குமாடி என்றால் ஒன்பதே நிமிடத்தில் ஜீப் வரும்.

அஞ்சுகம் மூன்று முறை புகார் கொடுத்தும் ஒன்பது வருடம் கழித்த தேதியே வந்தது. அவள் வீட்டு வேலை செய்யும் கோபுரத்தில், பதினாலாம் மாடிக் கீபோர்டு வாத்தியார் அவளுடைய ஏழு வயது மகளிடம் தகாத முறையில் நடந்திருந்தான். இன்னமும் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

நாலாம் முறை, பக்கத்து வீட்டு ஜெயசுதாவும் கூடப் போனாள். துணைக்கு என்றாள். முழு விவரம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதே நிஜம்.

"அந்தப் பெட்டி உன் மூஞ்சியப் பார்த்தாலே கொட்டாவி விடும்டி," என்றாள்.

அஞ்சுகம் பெட்டியிடம் பதினாலாம் மாடிக் கதவெண்ணைச் சொன்னாள்.

"அடிப்பாவி, பொய்யா சொல்ற?"

"இன்னா பொய்யிக்கா? அவன் இருக்கற வூட்டுக்குத்தானே போலீஸ் போவணும்."

ஜெயசுதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக வாரியத்து ஜனம் முழுக்க அவரவர் வீட்டுக்கே போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஜீப் எட்டாவது நிமிடமே கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாத்தியாரை லிஃப்டில் இறக்கிய பிறகுதான், புகார் கொடுத்தது வேலைக்காரி என்று அதிகாரிக்குத் தெரிந்தது. பதிவான வழக்கைப் பெட்டி திருப்பி வாங்காது.

சாயங்காலம் தண்ணீர் லாரி வரிசையில் ஜெயசுதா, வாத்தியார் பிடிபட்ட கதையோடு அந்தச் சூட்சுமத்தையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"அந்தப் புள்ள யாரு வூட்டுதுக்கா?" என்று கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் ஜெயசுதா. பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது.