பழுதில்லாத பெட்டி

அவரவர் கும்பிடும் கடவுளின் குரலில் பதில் சொல்லும் 'அருள்குரல்' பெட்டி பேசவே இல்லை என்று வந்தவாசியிலிருந்து புகார். மெக்கானிக் ஜமீல் போய்த் திறந்து பார்த்தான். பழுது எதுவும் இல்லை.

"ஜைன வீடாம்மா? அப்ப இது பேசாது. உங்க ஜினர் ஆசை, கோபம் எல்லாம் கடந்தவராச்சே. வேண்டுதலுக்குப் பதில் சொல்ல மாட்டார். அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் சாந்தமதி. "பக்கத்து வீட்டுப் பெட்டியில முருகன் வாய் ஓயாம பேசறார். நேத்து மாமியார் சண்டையைக்கூடத் தீர்த்து வெச்சார். எதிர்வீட்டு ஸ்டெல்லாவை ஏசு 'மகளே'ங்கறார். என் வீட்டுக்காரருக்கு இப்ப சென்னையில இதய ஆபரேஷன். சொந்தக்காரங்களை உள்ளே விடறதில்லை. 'சரியாயிடும்'னு ஒரு வார்த்தை கேட்கணும் தம்பி. உங்க டெஸ்ட் மைக்ல, இந்தப் பெட்டி வழியா நீங்களாவது சொல்லிடுங்களேன்."

ஜமீல் மைக்கைச் சட்டென்று பைக்குள் போட்டான்.

"ஆண்டவன் குரல்ல நான் பேசறதா? எங்க மார்க்கத்துல அதைவிடப் பெரிய பாவம் இல்லம்மா. எங்காளுங்க யாரும் இந்தப் பெட்டியே வாங்கறதில்லை."

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த புகாருக்குக் கிளம்ப வேண்டியவன், வாசல் வரை போய்த் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வர்ற வரைக்கும் இருக்கேன்மா."

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தவள், அதை அவனிடமே நீட்டினாள். ஜமீல் காதில் வைத்துக் கேட்டான்.

"சரியாயிடுச்சும்மா. கண்ணு முழிச்சிட்டாராம்."

பெட்டி அப்போதும் பேசவில்லை.