புதன்கிழமைக் குழாய்

"நாம இந்த நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்தோமா, குழாய் ரிப்பேருக்கு வந்தோமா? எனக்கு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

டையை இறுக்கிக்கொண்டே கேட்டார் பெரிய பிரதர்.

சின்ன பிரதர் பைபிளைப் பைக்குள் வைத்தான். பக்கத்திலேயே ஸ்பேனரையும் வைத்தான்.

சொந்த ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து, ஒரே அறையில் தங்கி, ஜோடியாகத் தெருத்தெருவாகப் போய்க் கதவு தட்டுகிற இளம் மிஷனரிகள் இருவரும். பெரியவருக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. சின்னவனுக்கு ஒரு வருஷம் முன்னால் வந்தவர், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு மாமனார் தோரணை காட்டுவார்.

புதன்கிழமை என்றால் தையல்காரம்மா குடியிருக்கும் கட்டடம். அங்கே சுவிசேஷம் கேட்க யாருக்கும் நேரம் கிடையாது. வேலை மட்டும் எல்லாரிடமும் இருந்தது. கீழே முடிதிருத்துபவருக்கு நாற்காலி ஆடும். முதல் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குக் கதவுக் கீல் கழன்றிருக்கும். மூன்றாம் மாடித் தையல்காரம்மாவுக்குச் சமையலறைக் குழாய் ஒழுகும். அது வாராவாரம் ஒழுகும்.

"பிளம்பர் மகன் நீ. நீ போட்ட வாஷர் ஒரு வாரம் தாங்காதா?"

"இந்த ஊர் வாஷர் சரியில்ல பிரதர்."

குழாயோடு அவன் மல்லுக்கட்டும்போது அந்தம்மா தையல் மெஷினை மிதித்தபடி ஒரு காதால் வேதவசனம் கேட்பாள். முடிந்ததும் "மீதியை அடுத்த வாரம் பேசலாம் தம்பி" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆராதனைக்கு வந்தாளா என்றால், அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை.

கூலி இல்லாத ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள் என்பது பெரிய பிரதரின் கட்சி.

அன்றும் புதன்கிழமை. சாயங்காலம் தலைமைப் போதகர் போனில் கூப்பிடுவார். சின்னவனை இங்கேயே வைத்துக்கொள்வதா, ஊருக்குத் திருப்பி அனுப்புவதா என்று கேட்பார். சொல்ல வேண்டிய பதிலைப் பெரியவர் மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டார். சின்னவனுக்கும் அது தெரியும். தெருமுனை வந்ததும் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"வேற எந்தத் தெருவுக்கு வேணும்னாலும் மாத்துங்க பிரதர். ஊருக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. இப்பதான் எனக்கு இங்க கால் ஊனியிருக்கு."

பெரியவர் பிடி கொடுக்கவில்லை. இரும்புக்கடையைப் பார்த்ததும் சின்னவன் வாஷர் வாங்க ஒதுங்கினான். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது அவர்கள் சபை விதி. ஆனால் அந்தம்மாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டியிருந்ததால், அன்றைக்கு அந்த விதி பெரியவருக்கு மறந்துபோயிற்று.

படியேறும்போது பஸ் டிரைவர் தன் கதவருகே குந்தியிருந்தார். இவரைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. பெரியவர் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"குழாய் நல்லாத்தானேம்மா இருக்கு? எதுக்கு அந்தப் பையனை வாராவாரம் வேலை வாங்கறீங்க? உங்களால அவன் ஊருக்குப் போகப் போறான்."

மெஷின் நின்றது.

"முன்னாடியே ஒரு தடவை போகப் பார்த்தாரே, அது தெரியுமா உங்களுக்கு?" என்றாள் தையல்காரம்மா.

"எப்போ?" என்றார் பெரியவர்.

"நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அன்னைக்கு."

பெரியவருக்கு ஞாபகம் வந்தது. தலையோடு போர்த்திப் படுத்திருந்த இவரிடம் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லித்தான் அன்று சின்னவன் வெளியே போனான்.

"பெட்டியோட வந்து எங்க மாடிப்படியில உட்கார்ந்துட்டார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு. ஏர்போர்ட்டுக்கு எந்த பஸ்னு டிரைவர்கிட்ட கேட்டார். என்ன பண்ணுவார் பாவம்? அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துல அத்தனை பேரும் அவர் முகத்துல அடிச்ச மாதிரிதான் கதவைச் சாத்தியிருந்தோம். நானும்தான்."

"அப்புறம்?"

"அன்னைக்கு நிஜமாவே என் குழாய் ஒழுகிட்டு இருந்துச்சு. சொட்டுச் சத்தம் படியில இருந்தவர் காதுல விழுந்துடுச்சு. எழுந்து வந்து, 'வாஷர் போயிடுச்சும்மா'ன்னார். சரிபண்ணிட்டுக் கையைத் துடைச்சப்போ அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும். கடைசி பஸ் போயிடுச்சுன்னு டிரைவர் ஒரு பொய் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க ரூமுக்கே திரும்பிட்டார்."

பெரியவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் இனி உதவாது.

கீழே விசில் சத்தம் கேட்டது. சின்ன பிரதர் வாஷரோடு படியேறிக்கொண்டிருந்தான்.

தையல்காரம்மா அவசரமாக நூல்கண்டு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு ஸ்பேனரை எடுத்தாள்.

"கொஞ்சம் நகருங்க தம்பி. உங்ககிட்ட பேசிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியல."

குழாயில் மாட்டித் திருகினாள். சொட்... சொட்... என்று ஒழுக ஆரம்பித்தது.

பெரிய பிரதர் வாசலை எட்டிப் பார்த்தார். கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

"இன்னும் அரைச் சுத்து விடுங்கம்மா. இவ்வளவு கொஞ்சமா ஒழுகினா, வந்ததும் முடிச்சிட்டுக் கிளம்பிடுவான்."