ஒன்பதாவது நிமிடம்

"வால்வு இறுகிக் கெடக்குவே. சாவி போட்டுத் திருக்கினாலும் அசைய மாட்டேங்கு." வாக்கிடாக்கியில் பாலகுருவின் குரல் மூச்சிரைத்தது.

விஜயபாஸ்கர் திரையைப் பார்த்தான். எரிவாயு டிரம்மின் அழுத்தம் சிவப்பில் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அலாரத்தை அமர்த்தினால் நான்கு முளைத்தன.

"அண்ணே, விட்டுட்டு ஓடியாந்துருங்க."

"இன்னும் ரெண்டு சுத்துதாம்வே. நீ பதறாத."

ஒன்பதாவது நிமிடத்தில் எல்லாத் திரைகளும் ஒன்றாக உறைந்தன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, கையில் வாக்கிடாக்கியோடு பயிற்சியாளர் உமாபதி எழுந்து வந்தார்.

"டிரம் வெடிச்சாச்சு. பாலகுரு செத்தாச்சு. விடு, இது யாராலயும் முடியாது. நாளைக்கு இன்னொரு சான்ஸ், அதோட கலாஸ்."

2007-ல் சவுதியின் யான்புவில் ஓர் ஆலையின் பயிற்சி அறை அது. வெயிலில் வால்வு திருப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆலை முழுவதையும் கணினியிலிருந்து இயக்கும் டி.சி.எஸ். வேலையை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். தேறினால் ஏ.சி. அறையில் நாற்காலி. தேறாவிட்டால் அந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு டிக்கெட்.

ஐந்து பரீட்சைகளில் நான்கில் தேறினால் போதும். ஐந்தாவதான இந்த டிரம் பரீட்சையில் மட்டும் இதுவரை ஒருவரும் தேறியதில்லை. விஜயபாஸ்கர் ஏற்கெனவே ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தான்.

"அந்தாளுக்கு நாம தோக்கறதைப் பாக்கணும்," என்றார் உடன் பயிலும் செய்கு அலாவுதீன், டீயை உறிஞ்சியபடி. "மத்த நேரமெல்லாம் மெட்ராஸ் பேச்சு. பாலகுருவா நடிக்கும்போது மட்டும் திருநெல்வேலி. நானும் எட்டுப் பேருக்கு நடிச்சதைக் கேட்டுட்டேன், ஒரு வார்த்தை மாறலை. நாம தோத்ததும் மூஞ்சியில ஒரு நிம்மதி வேற."

விஜயபாஸ்கர் அன்று அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டான்.

மறுநாள் அழுத்தம் ஏறத் தொடங்கியது. அலாரங்கள் கத்தின. அவன் ஒன்றையும் தொடவில்லை. பாலகுருவை வால்வுக்கு அனுப்பவும் இல்லை. பக்கத்து யூனிட்டின் திரையைத் திறந்தான். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வால்வு. அதைத் திறந்தான்.

அழுத்தம் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. டிரம்மிலிருந்த வாயு, எரித்து வெளியேற்றும் கோபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது நிமிடத்தில் சிவப்பு அணைந்தது.

"பாலகுரு அண்ணே, ஒண்ணும் பயமில்ல. நீங்க வெளிய வந்துருங்க."



மற்றவர்கள் கைதட்டினார்கள். உமாபதி வெளியே வர நேரமானது. வந்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த வால்வு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன ஷட்டவுன்ல நான்தான் சார் அதுக்குக் கிரீஸ் போட்டேன். நேத்து பெட்டி கட்டுறப்பதான் ஞாபகம் வந்துச்சு. அது பக்கத்து யூனிட்டு ஸ்கிரீன்ல கெடக்கு. அதான் யாரு கண்ணுலயும் படறதில்ல."

"திறக்க எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு கிளிக்கு சார்."

உமாபதி தேர்ச்சித் தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் கலைந்து போகும்வரை தாளை நீட்டாமல் வைத்திருந்தார்.

"பாலகுரு நிஜமாவே இருந்தான், பாஸ்கர். இதே டிசைன்ல வேற ஒரு பிளாண்ட். தொண்ணூத்தெட்டுல இதே மாதிரி டிரம் வெடிச்சுப் போயிட்டான். யாராலயும் எதுவும் பண்ணியிருக்க முடியாதுன்னு, அன்னிக்கு கன்ட்ரோல் பேனல்ல இருந்தவர்கிட்டருந்து அவன் சம்சாரத்துக்கு லெட்டர் போச்சு. அந்தம்மாவும் நம்பிட்டாங்க."

விஜயபாஸ்கரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அங்கயும் இந்த வால்வு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"அப்ப ரெண்டு கிளிக்குல பொழச்சிருப்பாரே சார். பேனல்ல உக்காந்துக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு, பொய்யா லெட்டரும் போட்டிருக்கான். யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

உமாபதி தாளை அவன் கையில் கொடுத்தார்.

"நான்தான்."