கடன் வாங்கின இங்கிலீஷ்

மாமனார் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கிளம்பலாமா என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"ஜஸ்ட் நவ், மாமா" என்று அறைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் பதில் வந்தது. குரல் மட்டும்தான் வந்தது. ஆள் வர அரை மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் இதே கதைதான். மாமியார், மகள் உட்பட நான்கு பேரும் காரில் கடற்கரைக்குப் போக வேண்டும். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? மகள் வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தபோதுகூட அவர் இவ்வளவு புழுங்கியதில்லை. கார் கடற்கரை சேரும்வரை மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே வருவார். மாப்பிள்ளை சிரித்தபடி வண்டி ஓட்டுவார்.

மகள்தான் சமாதானம் சொன்னாள். இங்கிலீஷ் ஒன்றுதான் என்றாலும் ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுமாம். அவர் ஊரில் 'ஜஸ்ட் நவ்' என்றால் 'இதோ' இல்லையாம். 'அப்புறமா, மெதுவா' என்று அர்த்தமாம்.

"அவரே சொன்னார்ப்பா."

"நல்ல ஊரு" என்றார் மாமனார்.

ஒருநாள் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரிசெய்ய வந்தவர் மாப்பிள்ளை வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி ஆள். அவருடைய சொந்த ஊர்க்காரரும்கூட. தண்ணீர் கொடுத்த கையோடு மாமனார் அந்த ஊர் 'ஜஸ்ட் நவ்'வைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்.

வந்தவர் விழித்தார். தங்கள் ஊரில் அதற்கு 'இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி' என்றுதான் அர்த்தம் என்றார். 'அப்புறமா' என்ற அர்த்தத்தில் சொல்வது தங்களோடு வேலை பார்க்கும் வேறொரு நாட்டுக்காரராம். அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்களாம். நேரத்தைப் பற்றிக் கேட்டால், காலையில் கம்பெனிக் கதவைத் திறப்பதே உங்கள் மாப்பிள்ளைதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாமதம் போதாதென்று பொய் வேறா?

சாயங்காலம் மாப்பிள்ளையைப் பால்கனிக்கு அழைத்துப் போனார்.

"வேலைக்கு முதல் ஆளாப் போறீங்க. எங்ககூட வர மட்டும் எதுக்கு மாப்பிள்ளை இந்தக் கடன் வாங்கின இங்கிலீஷ்?"

மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, மாமியாரிடம் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்.

"அத்தைக்குக் காலைல விரல் மடங்காது மாமா. தலை வாரி, டிரெஸ் மாத்த நேரமாகும். நான் வந்த முதல் வாரம் நீங்க வாசல்ல நின்னு அவங்களைத் திட்டினீங்க. உள்ள அவங்க அழுதாங்க. அடுத்த வாரத்துலேருந்து நான் லேட்."

மாமனார் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"என்னைத் திட்டுங்க மாமா, பரவாயில்லை. எனக்குப் பாதிதான் புரியும்."