முக்குளிப்பு உரிமம், பொழுதுபோக்குப் பிரிவு

உப்பளத்தில் மூட்டை தூக்கும் சவேரிமுத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். முக்குளிப்பு உரிமத்தை வருடாவருடம் புதுப்பிக்கிற கட்டணம் அது. கடல் ஊருக்குள் ஏறிப் பதினோரு வருடமாகிறது. மகள் பிளாரன்ஸின் கல்லறை ஆறு ஆள் ஆழத்தில் கிடக்கிறது. கல்லறைத் திருநாளன்று இறங்கி, அவள் பெயர்மேல் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிவிட்டு வருவார்.

இந்த வருட உரிமத் தேர்வில் தண்ணீருக்குள் மூச்சைச் சரியாக அடக்கினார், நாடிதான் எகிறிவிட்டது. அறுபது தாண்டியவர் ஒருமுறை தவறினாலே உரிமம் ரத்து.

"தண்ணிக்குள்ள என்னத்த அண்ணாச்சி நெனச்சீங்க?" என்றாள் அலுவலகத்துப் பெண்.

"எம்புள்ளயத்தான் தாயி. வேற யார நெனைப்பேன்?"

"பொழுதுபோக்குக்கு எறங்குறவங்க பதறக் கூடாது, அண்ணாச்சி."

"இது எனக்குப் பொழுதுபோக்கா?"

"கல்லறைக்குப் போறவங்களுக்குன்னு தனிப் பிரிவு இல்லியே."

சவேரிமுத்து அவசரமாக மடியிலிருந்து நோட்டுகளை எடுத்தார். "பாக்கி பூராத்தையும் இப்பவே கெட்டிருதேன். இந்த ஒரு வருசம் மட்டும் விட்டுரு தாயி. அவ பேரு மூடிப்போயிரும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பணத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"உரிமம் ரத்தானவங்ககிட்ட பாக்கி வாங்குறதில்ல அண்ணாச்சி. தள்ளுபடி பண்ணிட்டேன்."